ஆன்லைனில் முதலீடு: கணக்கு திறப்பது முதல் புகார் கொடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முப்பது வருடங்களுக்கு முன்பு பங்கு வாங்குவது என்றால் காகிதம் வாங்குவது. பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் பங்குச் சந்தையில் தரகர் வாங்கித் தர வேண்டும். சான்றிதழும் மாற்றுப் படிவமும் தபாலில் கம்பெனிக்குப் போய், பெயர் மாறித் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கையெழுத்து கொஞ்சம் மாறிவிட்டால் 'பேட் டெலிவரி' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ இருப்பவருக்கு இன்றைய விலை நாளைய பேப்பரில்தான் தெரியும்.

1994-ல் தேசியப் பங்குச் சந்தை வியாபாரத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. 1996-ல் என்எஸ்டிஎல் என்ற டெபாசிட்டரி (பங்குகளைப் பதிவேட்டில் வைத்துக் காக்கும் அமைப்பு) வந்து பங்குகளைக் காகிதத்திலிருந்து மின்னணுப் பதிவாக மாற்றியது. 2000-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி இணையவழி வர்த்தகத்துக்கு அனுமதி கொடுத்தது. மெட்ராஸ் பங்குச் சந்தை 2015-ல் முறைப்படி விடைபெற்றது. 2020 மார்ச்சில் நாடு முழுக்கச் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்குகள்) 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின.

நம் குடும்பங்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. மும்பைத் தரகருக்குத் தெரியும் விலை அதே நொடியில் நமக்கும் தெரிகிறது. கமிஷன் பல மடங்கு குறைந்துவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் விற்ற மறு வேலைநாளே கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய தாமதம் ஒரு காவலாகவும் இருந்தது. அவசரப்பட்டவருக்கு யோசிக்க நேரம் கொடுத்தது. ஏமாற்ற வந்தவன் ஒரு ஆபீஸ் பிடித்து போர்டு மாட்ட வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அந்தக் காவலை நாமே போட்டுக்கொண்டாக வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகள் போதும். என் பணம் இப்போது யாருடைய கணக்குக்குப் போகிறது? நான் வாங்கியது யார் பெயரில், எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? சந்தை இறங்கி வரும் நஷ்டத்தை இந்தக் கேள்விகள் தடுக்காது; அதற்கு வேறு ஏற்பாடு உண்டு, அதையும் பார்ப்போம். ஆனால் மொத்தப் பணமும் ஒரேயடியாகக் காணாமல் போவதை இவை அநேகமாகத் தடுத்துவிடும்.

படி 1: ஆப்பைத் திறக்கும் முன் வீட்டுக் கணக்கு

ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். மாதம் 3 முதல் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம் வட்டி. அதைத் தாண்டி லாபம் தருகிற நேர்மையான முதலீடு எதையும் நம்பிப் பணம் போட முடியாது. உங்கள் வருமானத்தை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் இன்ஷூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, காலம். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடு) மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. இரண்டு மாதத்தில் சுமார் 38 சதவீதம் போய்விட்டது. அதே வருடக் கடைசியில் 47,000-க்கு மேல் நின்றது. பொறுத்திருந்தவர்களுக்கு அது ஒரு கெட்ட கனவோடு முடிந்தது. அந்த ஏப்ரலில் மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டியிருந்தவருக்கு அப்படி முடியவில்லை. மூன்று, நான்கு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கு சார்ந்த எதிலும் போடாதீர்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால், சந்தை இறக்கத்தால் வரும் வேதனையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

படி 2: பணமும் பங்கும் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆப்பில் 'வாங்கு' என்று அழுத்தும்போது பின்னால் நான்கு தரப்பு வேலை செய்கிறது. உங்கள் வங்கி, தரகர், பங்குச் சந்தையும் அதன் கிளியரிங் கார்ப்பரேஷனும் (பணத்தையும் பங்கையும் கைமாற்றித் தரும் அமைப்பு), டெபாசிட்டரி. ஆப் என்பது தரகரின் கடை முகப்பு மட்டும்தான். பங்கு அங்கே இருப்பதில்லை. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில், உங்கள் பான் எண்ணோடு சேர்ந்த டீமேட் கணக்கில் இருக்கிறது. தரகர் நாளைக்கே கடையை மூடினாலும் அந்தப் பதிவு அப்படியே இருக்கும். வேறு தரகரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஓட்டை விழுந்த கதையையும் சொல்லவேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த கார்வி, நாட்டின் பெரிய தரகு நிறுவனங்களில் ஒன்று. வாடிக்கையாளர்கள் கணக்கு திறக்கும்போது எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை (தங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து, அவர்களுடைய பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பர் 22-ல் செபி தடை உத்தரவு போட்டது. டிசம்பரில் 80,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அவர்களுடைய பங்குகள் திரும்பி வந்தன. மற்றவர்கள் காத்துக்கிடந்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2020 செப்டம்பரிலிருந்து உங்கள் பங்கை மார்ஜினுக்காக (வர்த்தகத்துக்கான முன்பிணையாக) அடமானம் வைக்க, டெபாசிட்டரி உங்களுக்கே ஓடிபி அனுப்பி ஒப்புதல் கேட்கவேண்டும். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் 'டிடிபிஐ' படிவம் 2022-ல் வந்தது. அதையும் கொடுக்காமலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம்; விற்கும்போது ஒரு பின் எண்ணும் ஓடிபியும் போடவேண்டியிருக்கும், அவ்வளவுதான். வருடத்துக்குச் சில முறை மட்டும் விற்பவர் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு விற்பனைக்கும் உங்கள் கை பட்டாக வேண்டும் என்பது நல்ல பூட்டு.

தரகரிடம் சும்மா கிடக்கும் ரொக்கத்தையும் கவனியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தபடி 30 அல்லது 90 நாளுக்கு ஒருமுறை அவர் அதை உங்கள் வங்கிக்குத் திருப்பியாக வேண்டும். வாங்கப்போகும் அன்று பணம் அனுப்புங்கள். ஆப்பில் தெரியும் இருப்புத் தொகை என்பது உங்கள் வங்கி சேமிப்பு அல்ல.

படி 3: தரகரைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கு திறப்பதும்

செபி இணையதளத்தில் பதிவுபெற்ற இடைத்தரகர்களின் பட்டியல் இருக்கிறது. பங்குத் தரகரின் பதிவு எண் 'ஐஎன்இசட்' என்று தொடங்கும், முதலீட்டு ஆலோசகருக்கு 'ஐஎன்ஏ', ஆய்வாளருக்கு 'ஐஎன்ஹெச்'. எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் நிஜ நிறுவனத்தின் எண்ணையே திருடிப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் இணைய முகவரி வழியாகப் போய் ஆப்பை இறக்குங்கள். யாரோ அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

கட்டணத்தில், ஆர்டருக்கு 20 ரூபாய் அளவில் வாங்கும் டிஸ்கவுண்ட் தரகர்கள் இன்று சாதாரணம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டீமேட் கணக்கு வைத்திருந்து, இருப்பின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் 'பேசிக் சர்வீஸ்' டீமேட் கணக்கில் இந்தக் கட்டணமே கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பரிலிருந்து இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது.

கணக்கு திறக்க பான், ஆதாரோடு இணைந்த மொபைல், வங்கி விவரம், கையெழுத்து, ஒரு செல்ஃபி போதும். அரை மணி நேர வேலை. ஆனால் இரண்டு இடத்தில் நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள்.

ஒன்று, மொபைல் எண்ணும் மின்னஞ்சலும். ஊர்ப்பக்கம் கணக்கு திறந்து தரும் ஏஜென்ட், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த மெசேஜ் தொல்லை" என்று தன் எண்ணையே போட்டுவிடுவது உண்டு. வயதானவர்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர்களின் எண் போடப்படுகிறது. ஓடிபி யாருக்குப் போகிறதோ அவர்தான் நடைமுறையில் அந்தக் கணக்கின் சொந்தக்காரர். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல் மட்டுமே இருக்கட்டும்.

இன்னொன்று, 'எந்தெந்தப் பிரிவு வேண்டும்' என்று கேட்கும் பக்கம். அங்கே எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற, பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வியாபாரம்) என்ற பெட்டியும் இருக்கும், வருமானச் சான்று கேட்கும். அதை டிக் செய்யாமல் விடுங்கள். ஏன் என்று படி 5-ல் சொல்கிறேன்.

படி 4: எதில் தொடங்குவது

புதிதாக வருபவர் தனிப் பங்குகளை விட மியூச்சுவல் ஃபண்டில் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியில்), அதிலும் நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) தொடங்குவதுதான் சரி. ஐந்நூறு ரூபாய் இருந்தால் போதும். இங்கே நம் இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் இருக்கிறது. பணம் உங்கள் வங்கியிலிருந்து ஃபண்டுக்கோ கிளியரிங் கார்ப்பரேஷனுக்கோ போகும். யூனிட் உங்கள் பான் எண்ணில் பதிவாகும். அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்றான கேம்ஸ் நம் சென்னையில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் வாங்குவதன் உண்மையான லாபம் 'டைரக்ட்' திட்டத்தில் இருக்கிறது. 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டிலும் ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு வகை உண்டு. முதலீடு ஒன்றுதான், மேலாளரும் ஒருவர்தான். ரெகுலரில் விநியோகஸ்தரின் கமிஷன் வருடாவருடம் உங்கள் பணத்திலிருந்து போகும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 10,000 ரூபாய், 20 வருடம். வருடத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் கையில் சுமார் 99.9 லட்சம். கமிஷனில் ஒரு சதவீதம் போய் 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 87.4 லட்சம். வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம். இந்த வளர்ச்சி விகிதங்கள் கணக்குக்காக எடுத்தவை, யாரும் தரும் உறுதி அல்ல. ஆனால் அந்த ஒரு சதவீதத்தின் வலு உண்மையானது. நல்ல விநியோகஸ்தர் இருந்து, சந்தை சரியும்போது உங்களை விற்கவிடாமல் பிடித்து நிறுத்துகிறார் என்றால் அந்தக் கமிஷனுக்கு மதிப்பு உண்டு. ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தால் இல்லை.

கடன் ஃபண்டு (அரசுக்கும் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்து வட்டி வாங்கும் ஃபண்டு) என்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் முடக்கியது. சிக்கியது 25,000 கோடி ரூபாய்க்கு மேல். பின்னால் பணம் தவணை தவணையாக வந்தது. ஆனால் அவசரத்துக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தவர்களுக்கு அந்த நாளில் அது பயன்படவில்லை. கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்ததுதான் அங்கே இருந்த சிக்கல். பாதுகாப்பு முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய 'ரீடெய்ல் டைரக்ட்' தளத்தில் மத்திய அரசின் டிரெஷரி பில்லை (குறுகியகாலக் கடன் பத்திரத்தை) 10,000 ரூபாயிலிருந்து கட்டணமில்லாமல் வாங்கலாம்.

தங்கம் வாங்க ஆசையா? கோல்டு ஈடிஎஃப் (சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் தங்க ஃபண்டு) செபி கண்காணிப்பில் இருக்கிறது. பேமென்ட் ஆப்களில் பத்து ரூபாய்க்கு விற்கும் 'டிஜிட்டல் கோல்டு' தன் கண்காணிப்பில் இல்லை என்று செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. கிரிப்டோவில் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. அதில் வரும் நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோனபோது, அதில் பணம் வைத்திருந்தவர்கள் முறையிட டெபாசிட்டரி போன்ற அமைப்பு எதுவும் இல்லை.

தனிப் பங்கு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் ஆர்டர் திரையில் மூன்று இடத்தைப் படித்துவிட்டு அழுத்துங்கள். 'டெலிவரி' என்று இருக்கிறதா? 'இன்ட்ராடே' என்றால் அன்றைக்கே விற்கப்பட்டுவிடும். 'எம்டிஎஃப்' என்றால் தரகரிடம் வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குகிறீர்கள். அடுத்தது எண்ணிக்கை. 450 ரூபாய் பங்கில் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்க நினைத்து, எண்ணிக்கைக் கட்டத்தில் 5000 என்று போட்டால் அது இருபத்திரண்டரை லட்சம் ரூபாய் ஆர்டர். மூன்றாவது, 'மார்க்கெட்'டா 'லிமிட்'டா என்பது. தினம் கொஞ்சமே கைமாறும் சிறிய கம்பெனிப் பங்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் திரையில் பார்த்த விலை ஒன்றாகவும் கிடைத்த விலை ஒன்றாகவும் இருக்கும். லிமிட் போட்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.

படி 5: எளிமையே வினையாகும் இடம்

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் போடவந்த இளைஞர் ஆறு மாதத்தில் ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருப்பதை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். இரண்டும் ஒரே ஆப்பில், பக்கத்துப் பக்கத்துப் பொத்தானில் இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். விதிகளை இறுக்கிய பிறகும், 2024-25-ல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று அடுத்த ஆய்வு சொன்னது. பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு 2022-23-ல் நஷ்டம்.

காரணம் அறிவுக்குறைவு அல்ல. ஆப்ஷனில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம். எதிர்ப்பக்கம் கணினி நிரலோடு பெரிய நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி. நீண்டகால முதலீட்டில் கம்பெனி வளர்ந்தால் எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து லாபம் பார்க்கலாம். இங்கே அந்த வழி இல்லை, கட்டணம் போக மிச்சத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டியது எளிது. அந்தப் பிரிவை இயக்காதீர்கள். ஏற்கெனவே இயங்கினால் ஆப்பின் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். தரகு ஆப்பின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். எஸ்ஐபி தேதி தவிர மாதத்தில் ஒரே ஒரு நாள் கணக்கைத் திறந்து பாருங்கள். நகைக்கடனையோ பர்சனல் லோனையோ எடுத்துச் சந்தையில் போடுகிறவர் வீட்டில் இருந்தால், மறைக்காமல் பேசுங்கள். நஷ்டம் பெரிதாவதே அதை ஒளித்துவைப்பதால்தான்.

படி 6: போலி ஆப் எப்படி வேலை செய்கிறது

முதலில் ஒரு விளம்பரம். தெரிந்த பிரபலத்தின் முகம், சில சமயம் செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோ. அழுத்தினால் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். அங்கே 'சார்' என்றோ 'புரொஃபசர்' என்றோ ஒருவர் தினமும் பாடம் எடுப்பார். நூறு பேர் லாப ஸ்கிரீன்ஷாட் போட்டு நன்றி சொல்வார்கள். அந்த நூறு பேரும் பெரும்பாலும் அதே கும்பல். சில வாரம் யாரும் பணம் கேட்கமாட்டார்கள்.

பிறகு ஒரு 'இன்ஸ்டிடியூஷனல் கணக்கு' வருகிறது. வெளிநாட்டு முதலீட்டாளர் வழியாகச் சந்தை விலையை விடக் குறைவாகப் பங்கு, ஐபிஓ-வில் (கம்பெனியின் முதல் பங்கு வெளியீட்டில்) உறுதியாக ஒதுக்கீடு என்பார்கள். இப்படி ஒரு வழி சாதாரண முதலீட்டாளருக்கு இந்தியாவில் கிடையாது. இதைக் குறிப்பிட்டே செபி 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நிஜ ஐபிஓ-வில் ஒதுக்கீடு கிடைக்கும்வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கை விட்டு வெளியே போகாது, முடக்கி மட்டும் வைக்கப்படும். அந்த ஒரு விஷயம் தெரிந்தாலே இந்த வலையில் பாதி அறுந்துவிடும்.

ஆப்பை இறக்கி ஐம்பதாயிரம் போடுகிறீர்கள். பணம் போகும் கணக்கின் பெயரைப் பாருங்கள். ஏதோ ஊரில் ஒரு டிரேடர்ஸ், ஒரு என்டர்பிரைசஸ், அல்லது யாரோ தனி நபர். அடுத்த முறை வேறு பெயர். இவை கூலிக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள். ஆப்பில் உங்கள் ஐம்பதாயிரம் இரண்டே வாரத்தில் எண்பதாயிரமாகக் காட்டும். அது வெறும் எழுத்து. நம்பிக்கை வர ஐந்தாயிரம் எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகை போட்ட பிறகு எடுக்கப் போனால், "லாபத்துக்கு 20 சதவீத வரி கட்டினால்தான் ரிலீஸ் ஆகும் மேடம்" என்று பதில் வரும். நினைவில் வையுங்கள்: பங்கு லாபத்துக்கான வரியை நாம் வருமான வரித்துறைக்குத்தான் கட்டுகிறோம். சொந்தப் பணத்தை எடுக்க முன்கூட்டி எந்தத் தளத்துக்கும் வரி கட்டவேண்டியதில்லை. அந்த வரி கேட்கும் நொடியில் தெரிந்துகொள்ளுங்கள், போட்டது போய்விட்டது. இனி ஒரு ரூபாய் கூட அனுப்பக்கூடாது.

சரிபார்க்க இப்போது நல்ல வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து செபி பதிவுபெற்ற தரகர்களுக்கும் ஃபண்டுகளுக்கும் தனி யுபிஐ முகவரி. ஆங்கில எழுத்தில் நிறுவனப் பெயருக்குப் பிறகு தரகர் என்றால் 'பிஆர்கே', ஃபண்டு என்றால் 'எம்எஃப்', அதன்பின் '@வேலிட்' என்ற சொல்லும் வங்கிப் பெயரும் வரும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். வங்கிக் கணக்கு எண்ணாக இருந்தால் 'செபி செக்' வசதியில் போட்டுப் பாருங்கள்.

'டிப்ஸ்' விற்பவர்கள் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பாடம் எடுப்பதாகச் சொல்லிப் பங்குப் பரிந்துரை கொடுத்தவரை 2023 அக்டோபரில் செபி தடைசெய்து, 17 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் செய்யச் சொன்னது. யூடியூபில் பார்வை எத்தனை லட்சம் என்பது தகுதி ஆகாது. 'ஐஎன்ஹெச்' அல்லது 'ஐஎன்ஏ' எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் லாபத்துக்கு உறுதி கொடுத்தால் விலகுங்கள். உறுதி கொடுக்கப் பதிவுபெற்றவருக்கும் அனுமதி இல்லை.

படி 7: மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

பங்கு வாங்கினாலோ விற்றாலோ அன்றே மின்னஞ்சலில் கான்ட்ராக்ட் நோட்டு வரும். டெபாசிட்டரியிலிருந்து தனியாக குறுஞ்செய்தி வரும். பரிவர்த்தனை நடந்த மாதங்களுக்கு டீமேட், மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் சேர்ந்த ஒருங்கிணைந்த அறிக்கை வரும். அந்த பிடிஎஃப்-ஐத் திறந்து, ஆப் காட்டும் எண்ணிக்கையும் அறிக்கை காட்டும் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். ஆப் தரகர் சொல்வது, அறிக்கை டெபாசிட்டரி சொல்வது. கார்வி விஷயத்தில் இந்த இரண்டுக்கும் இருந்த வித்தியாசம்தான் முக்கியமாக இருந்தது.

போனில் வந்த ஏபிகே கோப்பை (ஆப் ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் கோப்பை) நிறுவாதீர்கள். 'ஹெல்ப்' செய்கிறேன் என்று ஸ்கிரீன் ஷேர் கேட்பவரிடம் போனை வைத்துவிடுங்கள். யாரோ உள்ளே நுழைந்துவிட்டார் என்று சந்தேகம் வந்தால், வர்த்தகக் கணக்கை நீங்களே முடக்கும் வசதியைத் தரகர்கள் 2024 ஜூலையிலிருந்து தந்தாக வேண்டும். அது உங்கள் ஆப்பில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவையுங்கள். தரகரின் தொலைபேசி ஆர்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 24-ல் தேசியப் பங்குச் சந்தையே நண்பகலுக்கு முன் நின்று மாலை 3.45-க்குத்தான் திரும்ப இயங்கியது. தொழில்நுட்பம் நிற்கும் நாள் வரத்தான் செய்யும். நீண்டகாலத்துக்கு வைத்திருப்பவருக்கு அது ஒரு செய்தி, கடன் வாங்கி வர்த்தகம் செய்தவருக்குப் பெரும் அடி.

படி 8: வரியும் நாமினியும்

2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்ற பங்கு, பங்கு சார்ந்த ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் என்றால் லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். எஃப் அண்ட் ஓ வருமானம் தொழில் வருமானமாகக் கணக்காகும். உங்கள் பரிவர்த்தனை எல்லாம் வருமான வரித்துறையின் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும், ரிட்டர்னில் விட்டுவிடாதீர்கள்.

நாமினி போடுங்கள். புதிய விதிப்படி பத்துப் பேர் வரை போடலாம். ஆனால் நாமினி என்பவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உரிமை வாரிசுகளுக்கே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதனால் உயிலும் எழுதிவையுங்கள். எந்தத் தரகர், எந்த டெபாசிட்டரி, எந்த வங்கி என்று ஒரு தாளில் எழுதி, பாஸ்வேர்டு இல்லாமல், மனைவி அல்லது கணவரிடம் கொடுங்கள். காகிதப் பங்குக் காலத்தில் பீரோவைத் திறந்தால் சான்றிதழாவது கிடைக்கும். இப்போது சொல்லாமல் போனால் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

படி 9: தவறு நடந்துவிட்டால்

மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, போன கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வங்கி அமைப்புக்குள் இருக்கும்போதே முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போடுவதில்தான் பலர் பணத்தை முழுசாக இழக்கிறார்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், குரூப்பிலிருந்து வெளியேறும் முன் எண்களையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துவிடுங்கள். அதிக வட்டி தருவதாக டெபாசிட் வாங்கிய நிறுவனம் என்றால் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் கொடுக்கலாம். 1997-ன் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொத்தை முடக்க வழி உண்டு.

பதிவுபெற்ற தரகர் அல்லது ஃபண்டு மீது குறை என்றால் பாதை வேறு. முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் போடுங்கள்; 21 நாளுக்குள் பதில் வரவேண்டும். அதிலும் தீராவிட்டால் 'ஸ்மார்ட் ஓடிஆர்' தளத்தில் ஆன்லைனிலேயே சமரசம், அதன்பின் நடுவர் தீர்ப்பு என்று போகலாம். மும்பைக்குப் போய் நிற்கவேண்டியதில்லை. செபியின் கட்டணமில்லா உதவி எண் 1800 22 7575.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு அழைப்பு வரலாம். சைபர் செல், நீதிமன்றம், ரிசர்வ் வங்கி, ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸ் என்று சொல்லி, "உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், பிராசசிங் ஃபீஸ் மட்டும் அனுப்புங்கள்" என்பார்கள். முதலில் ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்தே இந்த இரண்டாவது வேட்டை நடக்கிறது. பணத்தை மீட்டுத் தரப் போலீஸோ செபியோ கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.